‘பரவாயில்லை, சமாளிக்கிறேன்’: பிரித்தானியாவில் மனநலச் சிகிச்சையில் இருப்பவர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் வழி

“நீங்கள் சமைப்பீர்களா?” என்று உதவித்தொகை மதிப்பீட்டுக்காகத் தொலைபேசியில் கேட்டார்கள். “ஓம், சமைப்பேன்” என்றார் அக்கா. பக்கத்தில் இருந்த எனக்குத் திக்கென்றது. அவர் சமைப்பது உண்மைதான். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அறைக்குள் போய்ப் படுத்துவிடுவதும், பருப்பு கருகும் மணம் வந்த பிறகு மச்சாள் ஓடிப்போய் அடுப்பை அணைப்பதும் அதே அளவுக்கு உண்மை. அதை அக்கா சொல்லவில்லை. ஒரு பெண்ணிடம் சமைப்பாயா என்று கேட்டால் ‘இல்லை’ என்று சொல்வதற்கு அவருக்கு வாய் வரவில்லை. சில வாரங்களில் கடிதம் வந்தது. சமையலுக்குப் பூச்சியம் புள்ளி.

பல ஆண்டுகளாக லண்டனில் நம்மவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: பலர் பணத்தை இழப்பது தகுதி இல்லாததால் அல்ல, ‘பரவாயில்லை’ என்று சொல்லிப் பழகிய நாக்கினால். இந்தக் கட்டுரை 16 வயதுக்கு மேல், ஓய்வூதிய வயதுக்குக் கீழே இருந்து, மனச்சோர்வு, பதற்றம், இருமுனை நோய், மனச்சிதைவு, போருக்குப் பிந்தைய மனவடு போன்றவற்றுக்குச் சிகிச்சை பெறுபவர்களுக்கும், அவர்களுக்காக ஓடித்திரியும் குடும்பத்தாருக்கும் எழுதியது. இங்கிலாந்தை மனதில் வைத்து எழுதுகிறேன். ஸ்கொட்லாந்தில் 2022 முதல் ‘பிப்’ (PIP: நோயினால் அன்றாட வாழ்வில் ஏற்படும் கூடுதல் செலவுக்கான கொடுப்பனவு) தொகைக்குப் பதிலாக அந்நாட்டு அரசின் வேறு கொடுப்பனவு இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் விண்ணப்பிக்கும் இடமும் வேறு.

முதலில் விசாவைப் பாருங்கள்

படிவத்தைத் தொடும் முன்னர் உங்கள் மின்விசாவைத் திறந்து பாருங்கள். அரச நிதி பெற உரிமையில்லை என்ற நிபந்தனை அதில் இருந்தால், யூனிவர்சல் கிரெடிட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரச உதவித்தொகை), பிப் இரண்டுக்கும் விண்ணப்பிக்காதீர்கள். அது விசா நிபந்தனையை மீறுவதாகும். மாணவர் விசா, வேலை விசா, துணைவர் விசா ஆகியவற்றில் வந்தவர்களுக்குப் பெரும்பாலும் இந்த நிபந்தனை இருக்கும். பயந்து சிகிச்சையை நிறுத்திவிடவும் வேண்டாம். தேசிய சுகாதார சேவை இந்த ‘அரச நிதி’ப் பட்டியலில் இல்லை. வேலைத்தலம் தரும் நோய்க்காலச் சம்பளமும் அதில் இல்லை. நீங்கள் கட்டிய தேசியக் காப்புறுதியின் பேரில் கிடைக்கும் தொகையும் இல்லை.

நிரந்தர வதிவுரிமை உள்ளவர், பிரித்தானியக் குடிமகன், அகதி அந்தஸ்து பெற்றவர் ஆகியோருக்கு இந்தத் தடை கிடையாது. கணவனுக்கு உரிமை இருந்து மனைவி துணைவர் விசாவில் இருந்தால், யூனிவர்சல் கிரெடிட்டுக்கு இருவராகத்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஆனால் தொகை ஒருவருக்கான வீதத்திலேயே வரும். பிரான்ஸ், ஜெர்மனி வழியாக ஐரோப்பியக் கடவுச்சீட்டுடன் வந்த நம்மவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களிடம் இருப்பது முழுமையான குடியேற்ற அந்தஸ்தா, அதற்கு முந்தைய தற்காலிக அந்தஸ்தா என்று பார்க்க வேண்டும். தற்காலிக அந்தஸ்து மட்டும் இருந்தால் யூனிவர்சல் கிரெடிட்டுக்கு அது போதாது. வேலை செய்கிறவர் அல்லது அத்தகையவரின் குடும்பத்தவர் என்பது போன்ற இன்னோர் உரிமையையும் காட்ட வேண்டியிருக்கும்.

பிப் தொகைக்குக் கூடுதலாக ஒரு விதி உண்டு. கடந்த 156 வாரங்களில் 104 வாரங்கள் நாட்டில் இருந்திருக்க வேண்டும். அகதிகளுக்கு இதிலிருந்து விலக்கு இருக்கிறது. நிரந்தர வதிவுரிமை இன்னும் கிடைக்காதவர்கள் ஒரு குடிவரவுச் சட்டத்தரணியிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். வதிவுரிமை விதிகளை அரசு மாற்றிக்கொண்டிருக்கும் காலம் இது. கோயில் மண்டபத்தில் கேட்ட தகவலை நம்பி முடிவெடுக்கும் விடயம் அல்ல.

எந்தப் பணம் எதற்கு

நம்மவர்கள் எல்லாவற்றையும் ஒரே சொல்லில் ‘பெனிஃபிட்’ என்று கட்டிவிடுகிறோம். உண்மையில் மூன்று வெவ்வேறு கதவுகள் இருக்கின்றன. ஒன்று மூடியிருந்தால் மற்றதும் மூடியிருக்கும் என்று நினைத்துத் திரும்பிவிடக் கூடாது.

முதல் கதவு, வேலையில் இருக்கும்போது நோயாகி விழுந்தவருக்கு. முதலாளி தரவேண்டிய சட்டபூர்வ நோய்க்காலச் சம்பளம் 28 வாரம் வரை கிடைக்கும். அது முடிந்துவிட்டால், அல்லது அதற்குத் தகுதி இல்லையென்றால், கடந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் தேசியக் காப்புறுதி போதுமான அளவு கட்டியவர்கள் ‘நியூ ஸ்டைல் ஈஎஸ்ஏ’ என்ற நோய்க்காலக் கொடுப்பனவைக் கேட்கலாம். இது நீங்கள் கட்டிய காசின் பேரில் வருவது. வங்கியில் சேமிப்பு இருந்தாலும், மனைவி வேலை செய்தாலும் கிடைக்கும். பலர் இதைக் கேள்விப்பட்டதே இல்லை.

இரண்டாவது யூனிவர்சல் கிரெடிட். வருமானம் குறைந்தவர்களுக்கானது. வீட்டு வாடகை, பிள்ளைகள் ஆகியவற்றுக்கான பங்கும் இதற்குள்ளேயே வரும். சேமிப்பு 16,000 பவுணுக்கு மேல் இருந்தால் கிடையாது. 6,000 பவுணுக்கு மேலிருந்து ஒவ்வொரு 250 பவுணுக்கும் மாதம் 4.35 பவுண் வெட்டுவார்கள். ஊரில் இருக்கும் காணி, சீட்டுப் பணம் எல்லாம் கணக்கில் வரக்கூடியவை என்பதை மறக்க வேண்டாம். மறைத்தால் பின்னால் திருப்பிக் கட்டும்படி கடிதம் வரும். அது முதல் நோயைவிடக் கொடியது.

மூன்றாவது பிப். 2013இல் தொடங்கியது. இதற்கு வருமானமும் பார்க்க மாட்டார்கள், சேமிப்பும் பார்க்க மாட்டார்கள். முழுநேர வேலைக்குப் போகிறவரும் பெறலாம். ‘வேலைக்குப் போகிறாரே, அவருக்கு எப்படிப் பிப்?’ என்று பொறாமையோடு கேட்பவர்களுக்குப் பதில் இதுதான்: அது வேலையில்லாதவருக்கான பணம் அல்ல, நோயினால் அன்றாட வாழ்வில் ஏற்படும் கூடுதல் செலவுக்கான பணம். இன்று பிப் பெறுபவர்களின் நோய்களை வகைப்படுத்தினால் மனநோய்தான் மிகப் பெரிய பிரிவு. ஆகவே ‘கைகால் நன்றாகத்தானே இருக்கிறது’ என்று நீங்களே உங்களைத் தள்ளிவிடாதீர்கள்.

யூனிவர்சல் கிரெடிட்: சிக் நோட் கொடுக்கும் நாள்தான் முக்கியம்

இணையத்தில் கணக்குத் திறக்க வேண்டும். முடியாதவர்கள் 0800 328 5644 என்ற இலவச எண்ணுக்கு அழைக்கலாம். முதல் பணம் வர ஏறக்குறைய ஐந்து வாரம் ஆகும். இடையில் முற்பணம் தருவார்கள். அது கடன்தான், மாதாமாதம் கழித்துக்கொள்வார்கள். தேவைக்கு மேல் வாங்க வேண்டாம்.

இங்கே பலர் தவறும் இடம் ஒன்று இருக்கிறது. கணக்குத் திறக்கும்போது ‘உங்களுக்கு உடல்நலப் பிரச்சினை உண்டா’ என்ற கேள்விக்கு வெட்கப்பட்டு ‘இல்லை’ என்று போட்டுவிடுகிறார்கள். பிறகு வேலை தேடும்படி அழைப்பு வருகிறது, போக முடியாமல் போகிறது, பணத்தை வெட்டுகிறார்கள். முதல் நாளே நோயை அறிவித்து, ஜீபியிடம் (குடும்ப வைத்தியரிடம்) சிக் நோட் என்ற நோய்ச் சான்றிதழை வாங்கி, அதன் விவரத்தைக் கணக்கில் ஏற்றிவிடுங்கள். வைத்தியர்தான் கையெழுத்திட வேண்டும் என்பதில்லை. 2022 ஜூலை முதல் தாதியர், மருந்தாளர் உள்ளிட்டவர்களும் அதைத் தரலாம்.

இந்த நாளில் என்ன இருக்கிறது என்றால், கூடுதல் உடல்நலத் தொகைக்கான மூன்று மாதக் காத்திருப்பு சிக் நோட் கொடுத்ததிலிருந்துதான் எண்ணப்படுகிறது. நான்கு மாதம் தாமதித்துக் கொடுத்தால் நான்கு மாதப் பணம் போயிற்று. ஒரு நோட் முடிந்த மறுநாளே அடுத்தது தொடங்க வேண்டும். இடைவெளி விடாதீர்கள்.

பிறகு நீளமான ஒரு படிவம் வரும். அதன் பின் வேலைத்திறன் மதிப்பீடு. முடிவு மூன்றில் ஒன்றாக இருக்கும். வேலைக்குத் தகுதியானவர், இப்போது வேலை செய்யும் திறன் குறைந்தவர், வேலைக்கும் அதற்கான ஆயத்தங்களுக்கும் கூடத் திறன் குறைந்தவர். கூடுதல் தொகை இந்த மூன்றாவது பிரிவினருக்குத்தான். 2025-26 நிதியாண்டில் அது மாதம் 423.27 பவுணாக இருந்தது. 2025ஆம் ஆண்டின் யூனிவர்சல் கிரெடிட் சட்டம் 2026 ஏப்ரலில் இருந்து புதிதாக வருபவர்களுக்கு இதை 217.26 பவுணாகக் குறைத்துவிட்டது. ஏற்கெனவே பெற்றுக்கொண்டிருந்தவர்களுக்கும், வாழ்நாள் முழுதும் மாறாத மிகக் கடுமையான நோயுள்ளவர்களுக்கும், உயிர் பிரியும் நிலையில் இருப்பவர்களுக்கும் பழைய கூடிய வீதம்தான். பாதியாக வெட்டியது நியாயமா என்று என்னைக் கேட்காதீர்கள். என் பதில் அச்சில் ஏறத் தகுந்ததல்ல.

மதிப்பீட்டில் புள்ளிகள் போதாவிட்டாலும் இன்னொரு வழி விதியிலேயே இருக்கிறது. வேலைக்கான ஆயத்தங்களுக்கு அனுப்பினாலே விண்ணப்பித்தவருடைய உயிருக்கோ மனநலத்துக்கோ, அல்லது பிறருக்கோ கணிசமான ஆபத்து நேரும் என்று காட்டினால் அவரை மூன்றாவது பிரிவில் சேர்க்கலாம். தற்கொலை முயற்சி, அண்மையில் வைத்தியசாலையில் அனுமதி போன்றவை நடந்திருந்தால் உளநல வைத்தியரிடம் இந்த ஆபத்தைப் பற்றியே ஒரு வரி எழுதித் தரும்படி கேளுங்கள். ‘நோயாளி என் கவனிப்பில் இருக்கிறார்’ என்ற வரி அழகானது, உதவாதது.

பிப்: முதலில் அழையுங்கள், பிறகு ஆவணம் தேடுங்கள்

0800 917 2222 என்ற எண்ணுக்கு அழைத்துப் பதிவு செய்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்படும். எல்லாக் கடிதங்களையும் சேர்த்துக்கொண்டு பிறகு அழைப்போம் என்று இருப்பவர்கள் அந்த மாதங்களை இழக்கிறார்கள். அழைத்தால் பெயர், வங்கிக் கணக்கு, ஜீபியின் விவரம், நாட்டில் இருந்த காலம் ஆகியவற்றைத்தான் கேட்பார்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே சொல்லுங்கள். இலவசம். பிறகு படிவம் வரும். திருப்பி அனுப்ப ஒரு மாதம். போதவில்லை என்றால் அழைத்து அவகாசம் கேளுங்கள். கேட்காமல் தாமதித்தால்தான் கோப்பை மூடிவிடுவார்கள்.

நோய் மூன்று மாதமாவது இருந்திருக்க வேண்டும், இன்னும் ஒன்பது மாதமாவது நீடிக்கும் என்று எதிர்பார்க்கப்பட வேண்டும். மற்றபடி நோயின் பெயருக்குப் புள்ளி கிடையாது. இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். ‘எனக்கு மனச்சிதைவு’ என்று எழுதினால் பூச்சியம். ‘மனச்சிதைவினால் நான் மூன்று நாள் குளிக்கவில்லை, தங்கை கதவைத் தட்டித் துண்டைக் கையில் கொடுத்தால்தான் குளிக்கிறேன்’ என்று எழுதினால் இரண்டு புள்ளி.

பன்னிரண்டு செயல்களைப் பற்றிக் கேட்கிறார்கள். பத்து அன்றாட வாழ்வு, இரண்டு நடமாட்டம். ஒவ்வொரு பகுதியிலும் 8 புள்ளி வந்தால் சாதாரண வீதம், 12 வந்தால் உயர்ந்த வீதம். 2025-26 கணக்கில் அன்றாட வாழ்வுக்கு வாரம் 73.90 அல்லது 110.40 பவுண். நடமாட்டத்துக்கு 29.20 அல்லது 77.05. ஒவ்வொரு ஏப்ரலிலும் கொஞ்சம் ஏறும்.

முதலில் சொன்ன அக்காவின் கதையையே எடுத்துக்கொள்வோம். அடுப்பை மறப்பதால் சமைக்கும்போது ஒருவர் மேற்பார்வை செய்ய வேண்டும்: 4. சாப்பிடச் சொல்லி ஒருவர் தூண்டாவிட்டால் நாள் முழுதும் வெறும் தேநீர்தான்: 4. இந்த இரண்டிலேயே சாதாரண வீதம் வந்துவிட்டது. குளிக்கத் தூண்ட வேண்டும்: 2. மாத்திரையை எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும்: 1. மனிதரோடு பழக, அவரை அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்து உதவ வேண்டும்: 4. மொத்தம் 15. அதாவது உயர்ந்த வீதம். முதல் தடவை அவருக்குக் கிடைத்தது வெறும் 2 புள்ளி. நோய் மாறவில்லை, சொன்ன விதம்தான் மாறியது.

‘செய்ய முடியும்’ என்றால் என்ன என்பதற்குச் சட்டம் நான்கு அளவுகோல்களை வைத்திருக்கிறது. ஆபத்தில்லாமல் செய்ய முடிகிறதா? ஒழுங்காகச் செய்ய முடிகிறதா? தேவைப்படும் போதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்ய முடிகிறதா? நோயில்லாத ஒருவர் எடுக்கும் நேரத்தைப்போல் இரு மடங்குக்குள் முடிக்க முடிகிறதா? நான்கில் ஒன்று இல்லையென்றாலும் அதைச் செய்ய முடியாது என்றே பொருள். குளியலறையில் ஒன்றரை மணி நேரம் கைகழுவிக்கொண்டே நிற்பவர் ‘குளிக்கிறவர்’ அல்ல. கேள்வி ஒவ்வொன்றுக்கும் இந்த நான்கையும் உரசிப் பார்த்த பிறகுதான் பேனாவைத் தொடுங்கள்.

நல்ல நாள், கெட்ட நாள் என்று மாறி மாறி வருகிறதென்றால்? ஒரு செயலைச் செய்ய முடியாத நாட்கள் பாதிக்கு மேல் இருந்தால் அந்தப் புள்ளி உங்களுக்குரியது. நாளின் ஒரு பகுதியில் முடியாமல் போனாலும் அந்த நாள் கணக்கில் வரும். இரண்டு வாரத்துக்குச் சமையலறை நாட்காட்டியில் குறித்து வையுங்கள். எந்த நேரம் எழுந்தார், சாப்பிட்டாரா, குளித்தாரா, யார் சொல்லி. ராசிபலன் நாட்காட்டியாக இருந்தாலும் பரவாயில்லை, பிரதி எடுத்து அனுப்பலாம்.

நடமாட்டப் பகுதியை மனநோயாளிகள் பலர் ‘என்னால் நடக்க முடியுமே’ என்று கடந்துவிடுகிறார்கள். நடப்பது இரண்டில் ஒன்றுதான். மற்றது பயணத்தைத் திட்டமிட்டுப் போவது. கடும் மன உளைச்சலினால் எந்தப் பயணமும் போக முடியாது என்றால் 10 புள்ளி. தெரிந்த வழியில்கூட இன்னொருவர் துணையின்றிப் போக முடியாது என்றால் 12. யாராவது ஊக்கமூட்டி அனுப்ப வேண்டும் என்றால் 4. தெரிந்த வழியிலும் துணை தேவை என்பதற்கான 12 போன்ற புள்ளிகளை மன உளைச்சலுக்குத் தருவதில்லை என்று அரசு 2017இல் விதியை மாற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் உயர் நீதிமன்றம் அது பாகுபாடு என்று அந்த மாற்றத்தை அடித்துப்போட்டது. யாரோ வழக்காடி மீட்டுத் தந்த புள்ளிகள் அவை. கூச்சப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

படிவம் நிரப்புவது நோயாளியைப் புண்படுத்தும் வேலை. வாழ்க்கையின் மிக மோசமான நாட்களை வரிசையாக எழுதச் சொல்கிறது. ஒரே இருப்பில் முடிக்காதீர்கள். நாளுக்கு இரண்டு கேள்வி போதும். இடையில் உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்தால் படிவத்தை மூடி வைத்துவிட்டு 111க்கு அழைத்து 2ஐ அழுத்துங்கள், மனநல நெருக்கடிக் குழுவிடம் இணைப்பார்கள். 116 123 என்ற எண்ணில் சமாரிட்டன்ஸ் தொண்டு அமைப்பினர் இரவு பகலாகப் பேசுவார்கள். உடனடி ஆபத்தென்றால் 999.

மொழிபெயர்ப்பில் தொலைந்துபோகும் ‘யோசனை’

யாழ்ப்பாணத்தில் பிறந்து வளர்ந்த ஒரு அம்மா ‘எந்த நேரமும் ஒரே யோசனை’ என்றால் நமக்குப் புரியும். இரவு நித்திரை இல்லை, நெஞ்சு பதைக்கிறது, காணாமல் போன மகனை நினைத்து உருகுகிறார் என்று அர்த்தம். மொழிபெயர்ப்பாளர் அதைச் ‘சிந்திக்கிறார்’ என்று ஆங்கிலத்தில் சொன்னதை நான் காதால் கேட்டிருக்கிறேன். சிந்திப்பது ஒரு நோயா என்ன? ‘தலையிடி’, ‘உடம்பு உளைவு’, ‘மனம் சரியில்லை’ எல்லாம் இதே கதைதான். ஆகவே சொற்களை நம்பாமல் காட்சியைச் சொல்லுங்கள். ‘இரவு இரண்டு மணிக்கு எழுந்து வாசல் கதவு பூட்டியிருக்கிறதா என்று எட்டுத் தடவை பார்க்கிறேன்’ என்பதை எந்த மொழிபெயர்ப்பாளராலும் கெடுக்க முடியாது.

மொழிபெயர்ப்பாளர் தெரிந்தவராக இருந்துவிடுவாரோ, ஊருக்குள் ‘விசர்’ என்று கதை பரவிவிடுமோ என்ற பயம் நியாயமானது. தெரிந்த குரல் என்றால் வேறொருவரைக் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது. பிள்ளைகளை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். பதினான்கு வயது மகள் முன்னால் எந்தத் தாயும் உண்மையைச் சொல்ல மாட்டாள்.

ஆவணம்

பெட்டி நிறைய வேண்டாம். மனநலக் குழு எழுதிய பராமரிப்புத் திட்டம், வைத்தியசாலையில் இருந்து வெளிவந்தபோது கொடுத்த அறிக்கை, மருந்துச் சீட்டு, உங்களைக் கவனிக்கும் தாதி அல்லது சமூகப் பணியாளரின் கடிதம், வீட்டில் பார்த்துக்கொள்பவர் ஒரு பக்கத்தில் எழுதியது. கடைசியாகச் சொன்னதைக் குறைவாக எடைபோடாதீர்கள். வைத்தியர் உங்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் பார்க்கிறார், மச்சாள் தினமும் பார்க்கிறார். ஜீபி கடிதத்துக்குக் கட்டணம் கேட்கலாம். கடன் வாங்கிக் கட்ட வேண்டியதில்லை, இருக்கும் அறிக்கைகளின் பிரதி போதும். அசலை அனுப்பாதீர்கள். நிரப்பிய படிவத்தை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள்.

மதிப்பீட்டு நாள்

பெரும்பாலும் தொலைபேசியில் நடக்கும், சில நேரம் நேரில். கேட்பவர் ஒரு தாதியாகவோ உடற்பயிற்சிச் சிகிச்சையாளராகவோ இருக்கலாம். மனநலத்தில் தேர்ந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளலாம், பதிவு செய்யும்படி முன்கூட்டியே கேட்கலாம்.

நம்மவர்களிடம் ஒரு பழக்கம் இருக்கிறது. வைத்தியரிடம் போகிற நாளில் தலைவாரி, நல்ல சேலை கட்டி, விபூதி பூசி, சிரித்த முகத்தோடு போவோம். மரியாதை. அறிக்கையில் அது ‘நேர்த்தியாக உடுத்தியிருந்தார், முகம் பார்த்துப் பேசினார்’ என்று ஏறும். அந்தச் சேலையைக் கட்டிவிட்டது தங்கை என்பதை யார் சொல்வது? நீங்கள்தான் சொல்ல வேண்டும். அழுக்கு உடையில் போகச் சொல்லவில்லை, நடிக்கவும் சொல்லவில்லை. ஆயத்தமாக எவ்வளவு நேரம் ஆனது, யார் உதவினார்கள், முதல் நாள் இரவு எப்படி இருந்தது, நாளை இதனால் எப்படிப் படுத்துக்கிடப்பீர்கள் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். “எப்படி வந்தீர்கள்?” என்பது குசலம் விசாரிப்பது அல்ல, நடமாட்டப் புள்ளிக்கான கேள்வி. “எப்படி இருக்கிறீர்கள்?” என்றால் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று வாய் தானாகச் சொல்லும். பல்லைக் கடித்துக்கொள்ளுங்கள்.

மறுத்துவிட்டால்

கடிதத் திகதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் கட்டாய மறுபரிசீலனை கேட்க வேண்டும். அதற்கு முன்பு மதிப்பீட்டு அறிக்கையின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். தருவார்கள். எந்தச் செயலுக்கு என்ன புள்ளி வந்தது, எது வந்திருக்க வேண்டும், ஏன் என்பதை மட்டும் எழுதுங்கள். கோபத்தைத் தனித் தாளில் எழுதிக் கிழித்துவிடலாம்.

மறுபரிசீலனையிலும் பெரும்பாலும் ‘இல்லை’ என்றே வரும். அங்கே நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். நிற்க வேண்டாம். அடுத்த ஒரு மாதத்துக்குள் சுதந்திரமான தீர்ப்பாயத்துக்கு மேன்முறையீடு செய்யுங்கள். கட்டணம் இல்லை, சட்டத்தரணி கட்டாயம் இல்லை. பிப் வழக்கென்றால் ஒரு நீதிபதி, ஒரு வைத்தியர், மாற்றுத்திறன் பற்றி அறிந்த ஒருவர் என மூவர் இருப்பார்கள். விசாரணை வரை போகும் பிப் வழக்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை விண்ணப்பதாரர் பக்கமே முடிகின்றன. அக்காவின் 15 புள்ளியும் அங்கேதான் கிடைத்தது. மாதங்கள் ஆகும், ஆனால் வெற்றி பெற்றால் முதல் அழைப்பு நாளிலிருந்து நிலுவை மொத்தமாக வரும்.

கூடவே வருபவை

பிப் அன்றாட வாழ்வுப் பகுதி கிடைத்தால், வாரம் 35 மணி நேரம் பார்த்துக்கொள்பவர் பராமரிப்பாளர் கொடுப்பனவு கேட்கலாம். 2025-26இல் வாரம் 83.30 பவுண். பார்த்துக்கொள்பவரின் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் (2025-26இல் அது வாரம் 196 பவுணாக இருந்தது) அந்த வாரத்துக்கு எதுவும் இல்லை. ஒரு பவுண் கூடினாலும் முழுவதும் போகும் கத்திமுனை விதி இது. மேலதிக மணி நேரம் வேலை செய்யும் முன் கணக்குப் பாருங்கள்.

கவுன்சில் வரியில் அதிகம் பேர் அறியாத சலுகை ஒன்று உண்டு. கடுமையான, நிரந்தரமாகத் தோன்றும் மனநலக் குறைபாடு உள்ளவர் என்று வைத்தியர் சான்றளித்து, பிப் அன்றாட வாழ்வுப் பகுதி போன்ற ஒரு கொடுப்பனவுக்கும் தகுதி இருந்தால், அவரை வரிக் கணக்கில் ஆளாகவே எண்ண மாட்டார்கள். தனியாக இருந்தால் வரியே இல்லை. இன்னும் ஒருவர் மட்டும் வீட்டில் இருந்தால் 25 சதவீதக் கழிவு. தகுதி தொடங்கிய நாளுக்குப் பின்தேதியிட்டுக் கேளுங்கள்.

கடன்காரர் கதவைத் தட்டுகிறார்களா? மனநல நெருக்கடிக்கான சிகிச்சையில் இருப்பவருக்கு 2021 மே 4 முதல் ‘பிரீதிங் ஸ்பேஸ்’ என்ற பாதுகாப்பு இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட மனநல அலுவலர் சான்றளித்தால், நெருக்கடிச் சிகிச்சை முடிந்து 30 நாள் வரை பெரும்பாலான கடன்களுக்கு வட்டியும் வசூல் நடவடிக்கையும் நிற்கும். மனநலச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் தடுத்துவைக்கப்பட்டு வெளியே வந்தவருக்கு 117ஆம் பிரிவின்படி பின்பராமரிப்பு இலவசம். யாராவது அதற்குப் பணம் கேட்டால் இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள்.

வைத்தியசாலையில் 28 நாளுக்கு மேல் தங்கினால் பிப் பணம் நிற்கும், அதோடு பராமரிப்பாளர் கொடுப்பனவும் நிற்கும். உள்ளே போனதையும் வெளியே வந்ததையும் குடும்பத்தார் உடனே அறிவிக்க வேண்டும். நோயாளியால் தன் காரியத்தைப் பார்க்கவே முடியாது என்றால் ஒருவர் அவருடைய நியமனப் பிரதிநிதியாகலாம். பணம் அவர் கணக்குக்கு வரும், பொறுப்பும் அவர் தலையில்தான்.

உதவிக்கு சிட்டிசன்ஸ் அட்வைஸ், மைண்ட், ரீதிங்க் ஆகிய தொண்டு அமைப்புகளும் உங்கள் பகுதிச் சட்ட நிலையமும் இருக்கின்றன. எல்லாம் இலவசம். ‘பிப் எடுத்துத் தருகிறேன், நிலுவையில் இவ்வளவு பங்கு’ என்று நம்மூர்க் கடைவீதியில் யாராவது சொன்னால் தேநீரைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

பிப் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்குத்தான் தருவார்கள். பிறகு மீளாய்வுப் படிவம் வரும். அப்போது பழைய பதில்கள் தேவைப்படும். அக்கா வீட்டில் எல்லாக் கடிதமும் ஒரு நீல நிற பிஸ்கட் தகரத்துக்குள் இருக்கிறது. மூடியில் அடுத்த மீளாய்வின் மாதத்தை மச்சாள் மார்க்கர் பேனாவால் எழுதி ஒட்டியிருக்கிறார்.